காயாத துணி

அந்தப் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்புக்குக் கட்டுரைப் பாடம் எடுத்தவளுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் கத்தரி மிஸ். கையில் கத்தரி எதுவும் கிடையாது, வாய்தான் கத்தரி. ஒரு பிள்ளை எழுந்து நின்று "மிகவும் அழகான காலை நேரத்தில்" என்று வாசிக்க ஆரம்பித்தால் போதும். "மிகவும் வேணாம். அழகான வேணாம். நேரமும் வேணாம். மிச்சம் என்ன இருக்கு?" என்பாள். "காலையில், மிஸ்" என்று பிள்ளை முனகும். "அதை மட்டும் வச்சுக்கிட்டு உக்காரு" என்பாள். வகுப்பு சிரிக்கும். உட்கார்ந்த பிள்ளைக்குக் காது சிவந்துவிடும். மறுநாள் இன்னொரு பிள்ளை மாட்டும்போது இதே பிள்ளை வயிறு குலுங்கச் சிரிக்கும். பாடம் இப்படித்தான் நடந்தது.

ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும், அவளுக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியும். வருணனை என்றால் நிலாவையும் மலையையும் இழுத்துக்கொண்டு வருவது என்று நினைத்திருந்த பிள்ளைகளை அவள் ஒரே வாரத்தில் திருத்திவிட்டாள். "அவர் கோபமா இருந்தார்னு எழுதினா எனக்கு என்ன தெரியும்? உங்கப்பாவுக்குக் கோபம் வந்தா என்ன செய்வார்? அதைச் சொல்லு" என்று ஒரு பையனைக் கேட்டாள். அவன் யோசித்துவிட்டு, "கதவைச் சாத்துவார் மிஸ். அப்புறம் தொறந்து மறுபடியும் சாத்துவார்" என்றான். "அதை எழுதுடா. கோபம்ங்கிற சொல்லே வேணாம். சொல்லாதே, காட்டு" என்றாள். அந்த இரண்டு சொற்களும் கரும்பலகையின் மூலையில் வருஷம் முழுக்க இருந்தன. பலகை துடைக்கும் பிள்ளைகூட அதன்மேல் கை வைக்காது.

"கண்ணுல விளக்கெண்ணெய ஊத்திக்கிட்டுப் பாருங்க" என்பது அவள் தினமும் சொல்வது. வேடிக்கை என்னவென்றால், அதைச் சொன்னவளுக்குக் கண் போய்க்கொண்டிருந்தது.

முழுக்கப் போய்விடவில்லை. ஓரங்கள் மங்கலாகத் தெரிந்தன. நடுவில்தான் எதுவும் இல்லை. நேராக எதைப் பார்த்தாலும் அந்த இடத்தை ரப்பர் வைத்துத் தேய்த்து அழித்தது மாதிரி இருக்கும். எதிரே ஒருவர் வந்தால் தோளும் முடியும் செருப்பும் தெரியும், முகம் மட்டும் தெரியாது. எழுத்து சுத்தமாகத் தெரியாது. கண் டாக்டர் நல்ல மனுஷர், ஒளிக்காமல் சொன்னார். "இது திரும்பி வராதும்மா. நடக்கலாம், சமைக்கலாம். வாசிக்கிற வேலை இனிமே வேணாம்." அவளுக்கு இருந்ததே வாசிக்கிற வேலைதான்.

அதனால் மறைத்தாள். எப்படி மறைத்தாள் என்பதில் அவளுடைய சாமர்த்தியத்தை மெச்ச வேண்டும். நோட்டு வாங்கித் திருத்துவதை நிறுத்தினாள். "எழுத்துன்னா காதுக்குத்தான். எல்லாரும் எழுந்து வாசிங்க, நான் கேட்டுத் திருத்துறேன்" என்றாள். ஒருமுறை கேட்டால் வரி வரியாக அவளுக்கு மனசில் நின்றுவிடும், அது பிறவியிலேயே வந்த வரம். வருகைப் பதிவை வகுப்பு லீடர் வாசித்தான். மதிப்பெண்ணை அவள் சொல்ல, அவனே குறித்தான். பிள்ளைகளைக் குரலை வைத்தும் உட்காரும் இடத்தை வைத்தும் கண்டுபிடித்தாள். இதெல்லாம் புதுப் பாணி என்று தலைமை ஆசிரியைக்கு ஒரே பூரிப்பு. நோட்டுத் திருத்தாத டீச்சரை வேறு எந்த ஊரிலாவது சோம்பேறி என்பார்கள். இங்கே முன்னோடி என்றார்கள்.

அவள் இன்னும் தற்காலிக ஆசிரியைதான். வருஷா வருஷம் கையெழுத்துப் போட்டு வேலையை நீட்டித்துக்கொண்டிருந்தாள். இந்த வருஷம் நிரந்தரம் ஆக்குவதாகப் பேச்சு. நிர்வாகத்திலிருந்து ஒருவர் வந்து வகுப்பைப் பார்ப்பார், அவருக்குப் பிடித்துவிட்டால் முடிந்தது. நிரந்தரம் ஆகிவிட்டால் பிறகு கண் போனாலும் நூலகத்திலோ அலுவலகத்திலோ எங்கேயாவது உட்கார வைத்துத்தான் ஆக வேண்டும், வெளியே தள்ள முடியாது. அதற்கு முன்னால் தெரிந்தால் அன்றைக்கே கதை முடிந்தது. அந்த ஒரு நாளைத் தாண்டிவிட்டால் போதும் என்று அவள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள்.

விஷயம் தெரிந்த ஒரே ஆள் தங்கை. அக்கா இருந்தது தங்கை வீட்டின் பின்னறையில். சாயங்காலம் தங்கை வெங்காயம் உரித்துக்கொண்டே மறுநாள் பாடத்தை வாசித்துக் காட்டுவாள், அக்கா மனசில் ஏற்றிக்கொள்வாள். தங்கை கெட்டவள் இல்லை, அலுத்துப்போனவள். "இன்னும் எத்தனை நாளைக்குக்கா என் கண்ணை இரவல் வாங்குவே?" என்று ஒருநாள் கேட்டுவிட்டாள். பிறகு தங்கை அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.

நாற்காலிப் பாடம் அந்த நாட்களில் வந்தது. ஒரு பிள்ளையை வகுப்பின் நடுவில் நாற்காலி போட்டு உட்கார வைப்பது. மற்ற எல்லாரும் அந்தப் பிள்ளையைப் பார்த்து எழுதுவது. நல்லவள் கெட்டவள் என்று எழுதக் கூடாது, பார்த்ததையும் கேட்டதையும் முகர்ந்ததையும் மட்டும் எழுத வேண்டும்.

முதலில் யாரை உட்கார வைப்பது? மூன்றாவது பெஞ்சில் ஜன்னலோரம் ஒரு பெண். வகுப்பிலேயே அதிகமாக அலங்காரம் செய்து எழுதுகிறவள். மழை என்று எழுதச் சொன்னால் வானமகள் கண்ணீர் வடித்தாள் என்பாள். கத்தரி மிஸ் எத்தனை முறை வெட்டியும் அவளுக்கு வானமகள் முளைத்துக்கொண்டே இருந்தாள். "நீ வா. உன்னை மத்தவங்க எப்படிப் பார்க்கிறாங்கன்னு கேளு. அப்பவாவது உனக்குப் பார்க்க வருதான்னு பார்ப்போம்" என்றாள். அந்தப் பெண் வந்து உட்கார்ந்தாள்.

பிள்ளைகள் எழுதினார்கள், பிறகு ஒவ்வொருவராக வாசித்தார்கள். முதலில் எல்லாம் சப்பென்று இருந்தது. இரட்டைப் பின்னல், நீல ரிப்பன் என்றார்கள். "ரிப்பன் எனக்கும் தெரியுது. எனக்குத் தெரியாததைச் சொல்லு" என்றாள் கத்தரி மிஸ். அது எந்த அர்த்தத்தில் உண்மை என்பது அவளுக்கு மட்டும் தெரியும். பிள்ளைகள் சூடு பிடித்தார்கள். பாவாடை விளிம்பைப் பிரித்து இறக்கிய கோடு இரண்டு இடத்தில் தெரிகிறது என்றான் ஒருவன். சிரிக்கும்போது வாயைக் கையால் மூடுகிறாள், உள்ளே ஒரு பல் கறுப்பு என்றாள் ஒருத்தி. ஒரு செருப்பின் வார் பழுப்பு, இன்னொன்றின் வார் கறுப்பு என்றான் லீடர். பிறகு அவள் பக்கத்தில் உட்காரும் சிநேகிதி எழுந்து தயங்கித் தயங்கி வாசித்தாள்.

"அவள் பக்கத்தில் உட்கார்ந்தால் ஒரு வாடை வரும். காயாத துணியின் வாடை."

கத்தரி மிஸ் சப்புக்கொட்டினாள். "இன்னொரு தடவை வாசி" என்றாள். சிநேகிதி இன்னொரு தடவை வாசித்தாள், குரல் கம்மியிருந்தது. "காயாத துணி. கேட்டீங்களா? இதுல ஏழைன்னு இருக்கா? பாவம்னு இருக்கா? ஒண்ணும் இல்ல. ஆனா அந்த வீட்டுக்குள்ள வெயில் வராதுங்கிறது வரைக்கும் எனக்குத் தெரிஞ்சுபோச்சு. வருணனைன்னா இதுதான். பேராவே ஒட்டிக்கணும்" என்றாள். மகிழ்ச்சியில் நாற்காலிக்கு அருகே போய்க் குனிந்து அந்தப் பெண்ணின் முகம் இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தாள். ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தது அவளுக்குப் பிடித்தது. "பாருங்க, இவ்வளவு சொல்லியும் எப்படிச் சிரிச்ச முகமா உக்காந்திருக்கா" என்றாள். வகுப்பு கொல்லென்று சிரித்தது.

அன்று சாயங்காலம் தங்கையிடம் இதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டாள்.

"அந்தப் பொண்ணு என்னக்கா செஞ்சா?"

"சிரிச்சுக்கிட்டே இருந்தா. நல்ல பிள்ளை."

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் தங்கை.

"வகுப்பே சிரிச்சுது" என்றாள் அக்கா.

பெயர் ஒட்டிக்கொண்டது. மறுநாள் மதிய இடைவேளைக்குள் அந்தப் பெண் காயாத துணி ஆகிவிட்டாள். பிள்ளைகளுக்கு நீளப் பெயர் ஆகாது, அடுத்த வாரம் வெறும் துணி. துணி, பந்தை எடு. துணி, தள்ளி உக்காரு. வராந்தாவில் அந்தக் கூப்பாடு கத்தரி மிஸ் காதிலும் விழுந்தது, காது அவளுக்குக் கூர்மைதான். தடுக்கலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தாள். பிள்ளைகள் விளையாட்டு, தானாக ஓயும் என்று விட்டுவிட்டாள். உண்மையில் அந்த இரண்டு சொற்கள் அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தன, அவை ஓய்வதில் அவளுக்கு விருப்பமில்லை. நேற்றுவரை கூடவே சாப்பிட்ட சிநேகிதி பெஞ்ச் மாறி உட்கார்ந்துகொண்டாள்.

துணிக்கு வானமகள் வருவது அன்றோடு நின்றது. அலங்காரம் எல்லாம் உதிர்ந்துபோய், அவள் வாசிக்கும் வரிகள் வெறும் எலும்பாக வந்தன. "பார்த்தியா, நாற்காலி வேலை செஞ்சிருக்கு" என்று கத்தரி மிஸ் எல்லார் முன்னாலும் மெச்சினாள். "நன்றி மிஸ்" என்றாள் துணி. இந்த வகுப்பிலிருந்து எழுத்து என்று ஒன்று வந்தால் அது இவளிடமிருந்துதான் வரும் என்று கத்தரி மிஸ் முடிவு கட்டியிருந்தாள். அந்தக் கணக்கு மட்டும் தப்பவில்லை.

நிர்வாகத்து ஆள் வந்தார். கோட்டுப் போட்டிருந்தார், அதனால் பிள்ளைகளுக்கு அவர் கோட்டு. தலைமை ஆசிரியையும் அவரும் பின்னால் உட்கார்ந்தார்கள். கத்தரி மிஸ் எல்லாவற்றையும் முதல் நாளே ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள். நாற்காலியில் லீடர் உட்காருவான், யார் யார் எந்த வரிசையில் வாசிப்பது என்பது வரை ஏற்பாடு. மேசை எங்கே, சாக்பீஸ் எங்கே, கோட்டு எங்கே இருமுகிறார், எல்லாம் மனசில் வரைபடமாக இருந்தது. பாடமும் நன்றாகத்தான் போனது. "சொல்லாதே, காட்டு" என்று விளக்கியபோது கோட்டு "பிரமாதம்" என்று முணுமுணுத்தது அவள் காதில் தேன் ஊற்றியது. "சரி, இன்னைக்கு நாற்காலியில யாரு?" என்று கேட்டாள். லீடர் எழுந்திருக்கும் பெஞ்ச் சத்தம் கேட்டது. அதற்கு முன் ஒரு குரல் வந்தது.

"மிஸ், இன்னைக்கு நீங்க உக்காருங்களேன்."

துணியின் குரல். வகுப்பில் ஒரு சலசலப்பு.

"என்கிட்ட எழுத என்னடி இருக்கு? தினமும் பார்க்கிற மூஞ்சிதானே" என்றாள் கத்தரி மிஸ் சிரித்துக்கொண்டே.

"அட, நல்லா இருக்கே" என்றாள் தலைமை ஆசிரியை பின்னாலிருந்து. "பிள்ளைங்களே கேட்கிறாங்க. உக்காருங்க டீச்சர், நாங்களும் பார்க்கிறோம்."

என்ன சொல்லித் தப்பிப்பது? உட்கார்ந்தாள். நாற்காலி இப்போது வகுப்பின் நடுவில் இருந்தது, மேசை கைக்கு எட்டாத தூரம். பேனாக்கள் தாளில் ஓடுகிற சத்தம் நாலு பக்கமும் எழுந்தது. அவள் கையை மடியில் வைத்துக்கொண்டாள், பிறகு நாற்காலிக் கையில் வைத்தாள், பிறகு மறுபடியும் மடியில் வைத்தாள். எந்தப் பக்கம் பார்ப்பது என்றே தெரியவில்லை. இதில் உட்காருகிறவருக்கு இப்படி இருக்கும் என்று அவளுக்கு அதுவரை தோன்றியதே இல்லை.

வாசிப்பு ஆரம்பமானது. மிஸ்ஸின் தோள்பையில் சாக்பீஸ் தூள் என்றது ஒரு பிள்ளை. மிஸ் நடக்கும்போது வலது செருப்பு கீச்சிடுகிறது என்றது இன்னொன்று. கோட்டு சிரித்தார். லீடர் அவள் பேசும்போது விரலைக் கத்தரி மாதிரி ஆட்டுவதை எழுதியிருந்தான், தலைமை ஆசிரியையும் சிரித்தாள். கத்தரி மிஸ்ஸுக்கு உயிர் வந்தது. ஆபத்து தாண்டிவிட்டது என்றே நினைத்தாள்.

"மிஸ், நான் வாசிக்கட்டுமா?" என்றாள் துணி. எழுந்து நிற்கும் சத்தம். பிறகு வாசித்தாள்.

"அவர் வகுப்புக்குள் வரும்போது கதவை மெதுவாகத் தொடுகிறார். பிறகு மேசையின் ஓரத்தைத் தொடுகிறார். அதற்குப் பிறகுதான் வணக்கம் சொல்கிறார். நாங்கள் பேசினால் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். பேசாமல் கை தூக்கினால் கூப்பிடுவதில்லை. பலகையில் எழுதிய வரியின் மேலேயே அடுத்த வரியை எழுதுகிறார். நாங்கள் இரண்டையும் பிரித்து எழுதிக்கொள்கிறோம்."

நல்ல எழுத்து என்ற நினைப்புத்தான் கத்தரி மிஸ்ஸுக்கு முதலில் வந்தது. மெதுவாக என்ற ஒரு சொல்லைத் தவிர வெட்ட எதுவும் இல்லை. அதற்குப் பிறகுதான் அது யாரைப் பற்றியது என்பது உறைத்தது.

"என்னிடம் பேசும்போது அவர் என் காதைப் பார்க்கிறார். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று ஒருநாள் சொன்னார். தாள் அவர் கையில் தலைகீழாக இருந்தது."

யாரோ களுக்கென்று சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்கள். கோட்டின் நாற்காலி நகர்ந்தது. போதும் உக்காரு என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் அதுவே ஒப்புக்கொண்டதாகும். துணியின் குரலில் கோபம் இருந்திருந்தால் அதட்டி உட்கார வைத்திருக்கலாம், இல்லை, பழிவாங்குகிறாள் என்று பிற்பாடு சொல்லிச் சமாளித்திருக்கலாம். அந்தக் குரலில் ஒன்றுமே இல்லை. சொல்லிக்கொடுத்தபடி இருந்தது.

"நான் நாற்காலியில் உட்கார்ந்த அன்று அழுதேன். மூக்கு ஒழுகியது. கழுத்துப்பட்டை நனைந்தது. அவர் என் முன்னால் வந்து குனிந்து என்னைப் பார்த்தார். எப்படிச் சிரிச்ச முகமா உக்காந்திருக்கா என்றார். வகுப்பு சிரித்தது. அவர் கேலி செய்கிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள். நானும் நினைத்தேன். அவர் கேலி செய்யவில்லை."

அவ்வளவுதான். துணி உட்கார்ந்தாள். குருடு என்ற சொல் அதில் எங்கேயும் வரவில்லை.

கத்தரி மிஸ்ஸுக்கு ஒரே நேரத்தில் இரண்டு அடி விழுந்தது. வேலை போகப்போகிறது என்பது ஒன்று. அந்தப் பிள்ளை அன்றைக்கு அழுதிருக்கிறாள் என்பது இன்னொன்று. வேலையைவிட இரண்டாவதுதான் பெரிதாக இருந்தது என்று எழுதினால் கதை அழகாக இருக்கும். ஆனால் அப்படி இல்லை. வேலைதான் பெரிதாக இருந்தது. பிள்ளையின் அழுகை நெஞ்சில் குத்தியது, குத்திய வேகத்திலேயே அவள் அதை ஒதுக்கித் தள்ளிவிட்டு எப்படித் தப்பிப்பது என்று யோசித்தாள்.

"நல்ல கற்பனை" என்றாள். "இல்லாததையும் பார்த்த மாதிரி எழுதலாம்னு காட்டிட்டா. கை தட்டுங்க."

யாரும் கை தட்டவில்லை.

"ரொம்ப நல்லா இருந்துச்சு டீச்சர்" என்றாள் தலைமை ஆசிரியை. குரல் திடீரென்று வெல்லமாக இருந்தது. வளையல் சத்தம் பின்னாலிருந்து கிளம்பி மூன்றாவது பெஞ்ச் வரை வந்தது, அங்கே நின்றது. தாள் சரசரத்தது. பிறகு வளையல் நாற்காலிக்கு அருகே வந்தது. "இதை உங்க குரல்ல ஒரு தடவை கேட்கணும்போல இருக்கு. வாசிங்களேன்."

கையில் ஒரு தாள் வந்து சேர்ந்தது. வெள்ளையாக ஓரம் தெரிந்தது, நடுவில் ஒன்றுமில்லை. ஆனால் கத்தரி மிஸ்ஸுக்கு அந்த நிமிஷம் கும்பிடத் தோன்றியது. தப்பித்தோம். ஒருமுறை கேட்டால் போதுமே அவளுக்கு. இதைவிட நல்ல சந்தர்ப்பம் யார் கொடுப்பார்கள்? தாளைச் சரியான தூரத்தில் பிடித்தாள். வரியின் ஆரம்பத்திலிருந்து முடிவுக்குப் போவது மாதிரி தலையை இடமிருந்து வலம் அசைத்தாள், முடிந்ததும் அடுத்த வரிக்கு இறக்கினாள். தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

"அவர் வகுப்புக்குள் வரும்போது கதவைத் தொடுகிறார்." மெதுவாக என்பதை வெட்டிவிட்டாள், பழக்கம் விடுமா? மற்றபடி ஒரு எழுத்துப் பிசகவில்லை. மேசை ஓரம் வந்தது, பலகை வந்தது, காது வந்தது. தாள் தலைகீழாக இருந்த வரியில் லேசாகச் சிரித்துக்கூடக் காட்டினாள், எனக்கு இதெல்லாம் விளையாட்டு என்பதுபோல. மூக்கு ஒழுகிய இடத்தில் மட்டும் குரல் கொஞ்சம் இறங்கியது. வகுப்பு மூச்சுவிடாமல் கேட்டது. தன் வாழ்நாளில் இவ்வளவு நன்றாக எதையும் வாசித்ததில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

"அவர் கேலி செய்யவில்லை" என்று முடித்துத் தாளை மடியில் இறக்கினாள்.

வெளியே யாரோ வாளியை நகர்த்துவது கேட்டது.

"மிஸ்" என்றாள் துணி. குரல் மூன்றாவது பெஞ்சிலிருந்தே வந்தது. "என் தாள் என்கிட்டதான் இருக்கு."

கத்தரி மிஸ் மடியிலிருந்த தாளை விரலால் தடவினாள். அச்சடித்த வழவழப்பு. அது நோட்டிலிருந்து கிழித்த தாள் இல்லை.

"அது என்ன தாள்?" என்றார் கோட்டு.

"சாப்பாட்டு நேரம் மாத்தினதுக்குச் சுற்றறிக்கை சார். என் பையில இருந்துச்சு" என்றாள் தலைமை ஆசிரியை. அவள் குரலில் இப்போது வெல்லம் இல்லை. குனிந்து மடியிலிருந்த தாளை எடுத்துக்கொண்டாள், எடுத்தவள் அதை நேராகத் திருப்பிப் பிடித்தாள். "நீங்க கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்திருங்க டீச்சர்" என்றுவிட்டு, கோட்டோடு வராந்தாவுக்குப் போனாள். அவர்கள் அங்கே பேசிய ஒவ்வொரு சொல்லும் கத்தரி மிஸ்ஸுக்குக் கேட்டது. அடுத்த மாதத்திலிருந்து யாரைப் போடலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

எழுந்து போய்விடலாம் என்று நினைத்தாள். மேசை எந்தப் பக்கம் என்று ஒரு கணம் பிடிபடவில்லை. கையை நீட்டினாள், காற்றுத்தான் இருந்தது. கையை மடக்கிக்கொண்டு மறுபடியும் உட்கார்ந்தாள். பிள்ளைகள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு.

அப்போது கடைசி பெஞ்சில் யாரோ ஒரு பிள்ளை, பக்கத்துப் பிள்ளையிடம் சொல்வதுபோல, வாய்க்குள்ளேயே சொன்னது. "தலைகீழ்."

முன் பெஞ்சுகள் வரைக்கும் சிரிப்பு வந்து சேர்ந்தது. கத்தரி மிஸ் அந்தப் பெயரைத் தன்னையறியாமல் மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். அதில் வெட்ட எதுவும் இல்லை.